இரண்டாம் உலகப் போரில் இலங்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் போர்க்காலம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1942 ஏப்ரலில் விழுந்த குண்டுகள். அவை விழுந்தது இரண்டே இரண்டு காலைப்பொழுதுகளில். அப்போது வந்த அரிசிக் கூப்பனோ ஒரு தலைமுறைக்கும் மேலாக வீடுகளில் இருந்தது. அதனால் இந்தப் பக்கத்தில் சோற்றுக் கதைக்குக் கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறேன். கப்பல் கதைகளை விரும்புவோருக்கு அவையும் உண்டு.

இலங்கை அப்போது பிரித்தானியக் குடியேற்ற நாடு. அதற்கென்று தனியாகப் போரில் ஒரு பங்கு இருந்ததா?

போரில் சேர்வதா வேண்டாமா என்று இலங்கையரை யாரும் கேட்கவில்லை. 1939 செப்டெம்பரில் லண்டன் போரை அறிவித்ததும் கொழும்பும் போரில் இருந்தது. ஆனால் இலங்கை வெறும் குடியேற்ற நாடாகவும் இருக்கவில்லை. 1931 முதல் ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை இருந்தது, தேர்தலில் வந்த அரசாங்க சபை இருந்தது, வேளாண்மை, கல்வி, சுகாதாரம் போன்ற துறைகளுக்கு உள்ளூர் மந்திரிகளும் இருந்தார்கள். பாதுகாப்பு, நிதி, சட்டம் போன்றவை மட்டும் பிரித்தானிய அதிகாரிகள் கையில். போரை நடத்தும் பொறுப்பு ஒருவருக்கு, மக்களுக்குச் சோறு போடும் பொறுப்பு இன்னொருவருக்கு என்ற இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை விளங்கும்.

1942க்கு முன் போரின் சூடு தெரிந்ததா?

பெரிதாக இல்லை. துறைமுகத்தில் கப்பல்கள் கூடின, விலைவாசி ஏறியது. தோட்டங்களில்தான் கொதிப்பு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். இது ஏகாதிபத்தியப் போர் என்று வெளிப்படையாக எதிர்த்த லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் அந்த ஆண்டு ஜூனில் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

பிறகு ஏன் திடீரென்று இலங்கை இவ்வளவு முக்கியமானது?

1942 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8 அன்று ரங்கூன். அதே மாதக் கடைசியில் அந்தமான். மூன்று மாதம் முன்புவரை பின்கட்டாக இருந்த தீவு ஒரே எட்டில் முன்வாசலுக்கு வந்துவிட்டது. சிங்கப்பூர் போனபின் பிரித்தானியக் கீழைக் கடற்படைக்கு மிஞ்சிய பெரிய தளங்கள் கொழும்பும் திருகோணமலையும்தான். இவையும் போயிருந்தால் இந்தியாவுக்கும் மத்திய கிழக்குக்கும் போகும் கடல்வழி, பாரசீக வளைகுடாவின் எண்ணெய், எகிப்தில் நின்ற படைக்கான சரக்கு எல்லாமே ஆபத்தில் விழுந்திருக்கும்.

அதனால் அவசர அவசரமாகப் படைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மத்திய கிழக்கிலிருந்து நாடு திரும்பிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் படையின் இரண்டு பிரிகேடுகள் இங்கே நிறுத்தப்பட்டன. இந்தியப் படையினரும் கிழக்கு ஆபிரிக்கப் படையினரும் வந்தார்கள். கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலையே ஓடுபாதையாக மாற்றி ஹரிக்கேன் போர் விமானங்களை நிறுத்தினார்கள். இந்த ஓடுபாதை ஜப்பானியருக்குத் தெரியாமல் போனது அதிர்ஷ்டம்.

ஏப்ரல் 5 அன்று கொழும்பில் என்ன நடந்தது?

முதல்நாள் மாலை, காலிக்கு அருகிலுள்ள கொக்கலையிலிருந்து புறப்பட்ட ஒரு கட்டலினா நீர்விமானம் தென்கிழக்கே வெகுதூரத்தில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. ஓட்டியவர் கனடாவைச் சேர்ந்த லெனாட் பேர்ச்சல். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். உயிர்பிழைத்த அவர் போர் முடியும்வரை ஜப்பானில் கைதியாக இருந்தார். அந்த அரைகுறைச் செய்தியால்தான் துறைமுகத்திலிருந்த கப்பல்களில் பெரும்பாலானவை இரவோடிரவாக வெளியேறின.

வந்தது சாதாரணப் படையல்ல. பேர்ள் துறைமுகத்தை அடித்த அதே அட்மிரல் நகுமோ, விமானங்களுக்குத் தலைமை தாங்கியவரும் அதே புச்சிடா. 5 விமானந்தாங்கிக் கப்பல்கள். உயிர்த்த ஞாயிறு காலை ஏழரை மணி அளவில், சனங்கள் தேவாலயங்களில் இருந்தபோது விமானங்கள் வந்தன. எச்சரிக்கை கிடைத்தும், இரத்மலானையில் போர் விமானங்கள் இன்னும் தரையில்தான் நின்றன. ராடர் இருந்தும் உதவவில்லை. துறைமுகத்தில் ‘டெனிடொஸ்’ என்ற நாசகாரிப் போர்க்கப்பலும் ‘ஹெக்டர்’ என்ற ஆயுதம் பூட்டிய வணிகக் கப்பலும் மூழ்கின. அங்கொடையிலுள்ள மனநோய் மருத்துவமனை மீதும் குண்டு விழுந்தது.

பெரிய இழப்பு பிற்பகலில், கரையிலிருந்து வெகுதூரத்தில். ‘கோர்ன்வோல்’, ‘டோர்செற்ஷையர்’ என்ற இரண்டு குரூசர் போர்க்கப்பல்களும் சில நிமிடங்களுக்குள் மூழ்கின. 424 பேர் இறந்தார்கள். மிஞ்சிய 1,122 பேர் மறுநாள் மாலைவரை கடலில் மிதந்து கிடந்தார்கள்.

திருகோணமலையில்?

ஏப்ரல் 9 காலை சீனக்குடா விமானத் தளமும் துறைமுகமும் தாக்கப்பட்டன. ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்க் குதம் ஒன்றின்மீது விழுந்து வெடித்ததில் தீ பல நாள் எரிந்தது. வேண்டுமென்றே விழுந்தார்களா, அடிபட்டு விழுந்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

துறைமுகத்தில் நிற்பது ஆபத்து என்று முதல்நாள் இரவே வெளியேறிய ‘ஹேர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பல், திரும்பி வரும் வழியில் மட்டக்களப்புக்கு வெளியே அகப்பட்டது. விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. அன்று அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. 307 பேர் இறந்தார்கள். கூடச் சென்ற ஆஸ்திரேலிய நாசகாரி ‘வம்பயர்’ கப்பலும் போனது. பக்கத்தில் நின்ற ‘வீட்டா’ என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் காப்பாற்றியது. அதை ஜப்பானியர் தாக்காமல் விட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஜப்பான் இலங்கையைப் பிடிக்க வந்ததா?

இல்லை. வந்த கப்பல்களில் தரையிறங்கும் படை இருக்கவில்லை. பர்மாவுக்குப் போகும் தங்கள் கடல்வழிக்கு இடைஞ்சல் வராதபடி பிரித்தானியக் கடற்படையை நொறுக்குவதே நோக்கம். ஜப்பானியக் கடற்படைக்குள் இலங்கையைப் பிடிக்கும் யோசனை இருந்தது, ஆனால் தரைப்படை அதற்கு ஆள் தர மறுத்தது. நோக்கமும் பாதிதான் நிறைவேறியது. பிரித்தானியக் கீழைக் கடற்படைத் தளபதி அட்மிரல் சொமவில்லின் பிரதான கப்பல்கள் தண்ணீருக்கும் எரிபொருளுக்கும் மாலைதீவின் அட்டு தீவுக் கூட்டத்துக்குப் போயிருந்தன, அந்த இரகசியத் தளம் ஜப்பானியருக்குத் தெரியாது. அதன்பின் நகுமோ திரும்பிப் போனார், இரண்டு மாதத்தில் அமெரிக்காவோடு மிட்வே கடற்சமர் வந்தது. அங்கே மூழ்கிய 4 விமானந்தாங்கிகளில் 3 கொழும்புக்கு வந்தவை.

பேர்ச்சலை ‘இலங்கையின் இரட்சகர்’ என்று சேர்ச்சில் புகழ்ந்ததாகப் பள்ளிக்கூடக் கட்டுரைகளில் வரும். துணிச்சல் உண்மை. ஆனால் பிடிக்க வராதவர்களிடமிருந்து ஒரு தீவைக் காப்பாற்றினார் என்பது கொஞ்சம் மிகை.

மக்கள் ஊரை விட்டு ஓடினார்களா?

ஓடினார்கள். கொழும்பில் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைக்கு வரவில்லை, கடைகள் பூட்டப்பட்டன, வசதியுள்ளவர்கள் மலைநாட்டுக்கும் கிராமங்களுக்கும் போனார்கள். இந்திய வணிகர்களும் தொழிலாளர்களும் தலைமன்னார் வழியாகத் தனுஷ்கோடிக்குக் கப்பல் ஏறினார்கள். இராணுவம் பள்ளிக்கூடக் கட்டடங்களை எடுத்துக்கொண்டதால் கல்லூரிகள் உள்நாட்டுக்குப் பெயர்ந்தன. குருத்தலாவையில் தொடங்கிய சென் தோமஸ் கல்லூரியின் கிளை அப்படிப் பிறந்ததுதான்.

இதே வாரத்தில் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட, சென்னையும் காலியானது. அவசியமில்லாதவர்கள் நகரைவிட்டுப் போகலாம் என்று அரசாங்கமே சொன்னது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். சென்னையில் அன்று ஒரு குண்டும் விழவில்லை.

அப்போது நாட்டை ஆண்டது யார்?

தேசாதிபதி கால்டிகொட் பதவியில் இருந்தார், ஆனால் 1942 மார்ச்சில் அட்மிரல் ஜெஃப்ரி லேட்டன் முதன்மைத் தளபதியாக நியமிக்கப்பட்டதும் கடைசிச் சொல் அவருடையதானது. சுடுசொல்லுக்குப் பெயர்போனவர். சிவில் பாதுகாப்பு ஆணையாளராக ஒலிவர் குணதிலக்க. பதுங்குகுழி, தீயணைப்பு, உணவுக் களஞ்சியம் என்று ஒரு புது நிர்வாகத்தையே சில மாதங்களில் கட்டியவர் அவர். பிற்காலத்தில் மகாதேசாதிபதியான முதல் இலங்கையரும் அவரே. அவருக்குத் துணையாக இருந்தவர் அரசியலமைப்பு அறிஞர் ஐவர் ஜெனிங்ஸ். 1942 ஜூலையில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரும் அவரே. வேளாண்மை மந்திரி டி. எஸ். சேனநாயக்கவோடு இந்த இருவரும் ஒரே மேசையில் அடிக்கடி உட்கார்ந்தார்கள். 1948இன் அரசியலமைப்பு அந்த மேசையிலிருந்து வந்தது என்றால் அதிகம் தவறில்லை.

சோற்றுக்கு என்ன செய்தார்கள்?

இதுதான் உண்மையான போர்க்களம். போருக்கு முன் இலங்கை உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இறக்குமதி. அதில் பெரும்பகுதி பர்மா அரிசி. ரங்கூன் விழுந்த நாளோடு அது நின்றது. தேயிலையும் இறப்பரும் தென்னையும் நட்டுக் காசு சம்பாதித்து, அந்தக் காசில் பர்மா அரிசி வாங்கிச் சாப்பிடலாம் என்று நூறு வருடமாகக் கட்டிய ஏற்பாடு ஒரு மாதத்தில் சரிந்தது.

அரசாங்கம் அரிசியைப் பங்கீட்டுக்குக் கொண்டுவந்தது. ஏழை, பணக்காரர், நகரத்தார், தோட்டத்தார் என்று பாராமல் எல்லோருக்கும் கூப்பன். உடலுழைப்புக்காரருக்குக் கொஞ்சம் கூடுதல். விநியோகிக்கக் கடை வேண்டுமே? கூட்டுறவுச் சங்கக்கடைகள் ஊர் ஊராக முளைத்தன. போர் தொடங்கியபோது விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருந்தவை, முடியும்போது ஆயிரக்கணக்கில். கலப்படமும் கள்ளக் கணக்கும் இல்லாமல் இல்லை, கறுப்புச் சந்தையும் நன்றாகவே நடந்தது. என்றாலும் கூப்பனோடு போனால் ஏதோ ஒன்று கிடைத்தது.

உள்ளூர் நெல்லை அரசாங்கம் விலை நிர்ணயித்து வாங்கியது. காலி நிலமெல்லாம் பயிரிடு என்றார்கள். மரவள்ளியும் வற்றாளையும் குரக்கனும் பெரிய வீட்டு மேசைக்கும் வந்தன. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மாவை இறக்கினார்கள். அதுவரை நகரத்துச் சாப்பாடாக இருந்த பாண் கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் போனது அப்போதுதான். போர் முடிந்தும் அது திரும்பிப் போகவில்லை.

இங்கே வங்காளத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் பர்மா அரிசி நின்றது. 1943இல் அங்கே பட்டினியாலும் அதைத் தொடர்ந்த நோயாலும் இறந்தவர்கள் 20 முதல் 30 இலட்சம் என்பது மதிப்பீடு. இலங்கையில் பட்டினி இருந்தது, பஞ்சச் சாவு அந்த அளவில் வரவில்லை. இங்கே வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டிய மந்திரிகள் இருந்தார்கள் என்பது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இன்னொரு காரணம் அவ்வளவு பெருமைக்குரியதல்ல: இறப்பரும் துறைமுகமும் நேசநாடுகளுக்குத் தேவைப்பட்டதால் இலங்கைக்கு அரிசி அனுப்ப முன்னுரிமை கிடைத்தது. இந்தியாவே அரிசிக்குத் தடுமாறிய நாட்களில் அங்கிருந்து இங்கே கப்பலில் அரிசி வந்தது. நம் வீட்டு உலையில் கொதித்ததில் ஒரு பிடி அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியது.

இறப்பர் ஏன் அவ்வளவு முக்கியம்?

மலாயாவும் ஒல்லாந்தர் வசமிருந்த கிழக்கிந்தியத் தீவுகளும் போனதும் உலகின் இயற்கை இறப்பரில் பத்தில் ஒன்பது பங்கு ஜப்பான் கைக்குள். நேசநாடுகளுக்கு மிஞ்சிய மிகப் பெரிய இறப்பர்க் காடு இலங்கைதான். லாரி, விமானம் இரண்டின் சக்கரத்துக்கும் அது வேண்டும். அதனால் மரத்தின் ஆயுளைப் பார்க்காமல், கிடைக்கிற பாலையெல்லாம் எடு என்று உத்தரவு வந்தது. பல தோட்டங்களில் மரங்கள் பட்டை உரிந்து நின்றன. போர் முடிந்தபோது மறுநடுகைக்குக் காசு தேட வேண்டியிருந்தது.

வெட்டியவர்களில் பெரும்பகுதி தென்னிந்திய வழித் தோட்டத் தொழிலாளர்கள். 1939இல் இந்திய அரசு புதுத் தொழிலாளர் வருகையைத் தடைசெய்திருந்தது. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியுமா என்ற அச்சத்தோடு இருந்தவர்களின் உழைப்பில் இந்த உற்பத்தி நடந்தது. போர் முடிந்து மூன்று வருடத்தில் அவர்களில் மிகப் பெரும்பான்மையோரின் குடியுரிமை பறிபோனது. போர்ப் பங்களிப்பு பற்றிய நினைவுக் கூட்டங்களில் இந்த வரி பெரும்பாலும் விடுபட்டுப் போகும்.

இலங்கையரைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தார்களா?

இல்லை. எல்லோரும் தாமாகச் சேர்ந்தவர்கள். இலங்கைப் பாதுகாப்புப் படையின் பெரும்பகுதி தீவுக்குள்ளேயே கரைக் காவலும் விமான எதிர்ப்பு வேலையும் பார்த்தது. வெளியே அனுப்பப்பட்ட சிறு பிரிவுகளில் ஒன்று கொக்கோஸ் தீவுக்குப் போனது.

கொக்கோஸ் தீவுக் கலகம் என்பது அதுதானா?

ஆம். இந்துமாக் கடலின் நடுவே ஒரு தந்திக் கம்பி நிலையம், அதைக் காக்க இலங்கைப் பீரங்கிப் படையினர். 1942 மே 8 இரவு கிரேஷன் பெர்னாண்டோ என்ற படைவீரர் தலைமையில் சிலர் கிளர்ந்தார்கள். அதிகாரிகளைப் பிடித்து, பீரங்கிகளைக் கைப்பற்றி, தீவை ஜப்பானியரிடம் ஒப்படைப்பது திட்டம். சுடும்போதே துப்பாக்கி இயங்காமல் சிக்கிக்கொண்டது, சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. இலங்கைச் சிப்பாய் ஒருவர் இறந்தார். 7 பேருக்கு மரண தண்டனை விதித்து, பெர்னாண்டோ, கார்லோ கவுடர், ஜி. பி. டி சில்வா மூவரையும் ஆகஸ்டில் வெலிக்கடையில் தூக்கிலிட்டார்கள். அந்தப் போரில் பொதுநலவாயப் படைகளில் கலகத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்கள் இவர்கள் மூவர் மட்டுமே. வீரரா துரோகியா என்று கேட்பவர்கள், மேலதிகாரியின் நடத்தை, இனத் திமிர், இடதுசாரிப் பேச்சு, தனிமை எல்லாம் கலந்த ஒரு இரவு அது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சிறையிலிருந்த சமசமாஜிகள்?

குண்டு விழுந்த அதே வாரத்தில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி நால்வரும் சிறைக் காவலர் ஒருவரின் துணையோடு கண்டிச் சிறையிலிருந்து தப்பினார்கள். அவரும் கூடவே போய்விட்டார்! பின்பு இவர்களில் சிலர் இந்தியாவுக்குக் கடந்து ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தில் கலந்தார்கள்.

மவுண்ட்பேட்டன் ஏன் கண்டிக்கு வந்தார்?

தென்கிழக்காசியாவில் நேசநாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி அவர். தன் தலைமையகத்தை 1944 ஏப்ரலில் டெல்லியிலிருந்து கண்டிக்கு அருகிலுள்ள பேராதனைப் பூங்காவுக்கு மாற்றினார். டெல்லியின் வெயிலிலிருந்தும் கோப்புகளிலிருந்தும் விலகுவதற்கு என்று சொல்லப்பட்டது. குளிரும் பூக்களும் காரணமில்லை என்று யாரும் நம்பவில்லை. ஆனால் இந்தக் கட்டத்தில் தீவு அடிவாங்கும் இடமாக இல்லை, அடிக்கும் இடமாகிவிட்டது. அதே மாதம் 19 அன்று திருகோணமலையிலிருந்து போன கப்பல்கள் சுமாத்திராவின் சபாங்கைத் தாக்கின. அமெரிக்காவின் ‘சரட்டோகா’ விமானந்தாங்கியும் அதில் இருந்தது.

தலைமையகத்தின் படைவீரருக்காகக் கொழும்பில் அமைத்த ஒலிபரப்பு நிலையம் போருக்குப் பின் இலங்கை அரசிடம் வந்தது. 1950களில் தமிழ்நாடே காது கொடுத்துக் கேட்ட இலங்கை வானொலிக்கு வலுவான ஒலிபரப்பி கிடைத்த வழி இதுதான்.

யாழ்ப்பாணத்தில் போர் தெரிந்ததா?

குண்டாக இல்லை, காசாக. மலாயாவின் ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தாரின் பணம் 1942 தொடக்கத்தில் நின்றுபோனது. மூன்றரை வருடம் கடிதமும் இல்லை. பலாலியில் அப்போது பிரித்தானிய விமானப்படை போட்ட ஓடுபாதை இன்றைய விமான நிலையத்தின் தொடக்கம்.

போர் சுதந்திரத்தை விரைவாக்கியதா?

விரைவாக்கியது. காங்கிரஸ் இந்தியாவில் போரோடு ஒத்துழைக்க மறுத்தபோது, சேனநாயக்க இங்கே ஒத்துழைத்து அதையே பேரம் பேசும் காசாக வைத்துக்கொண்டார். 1943 மேயில் உள்நாட்டு விவகாரங்களில் முழுப் பொறுப்பாட்சி என்ற வாக்குறுதி, 1944 டிசம்பரில் புது அரசியலமைப்பை ஆராய வந்த சோல்பரி ஆணைக்குழு, 1948 பெப்ரவரி 4 அன்று சுதந்திரம். பதிலுக்குத் திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் 1957வரை பிரித்தானியர் கையில் இருந்தன. சிறுபான்மையோர் பாதுகாப்புப் பற்றி ஜி. ஜி. பொன்னம்பலம் ஆணைக்குழு முன் வைத்த ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கை, அதாவது சபையில் பாதி இடம் சிறுபான்மையோருக்கு என்பது, ஏற்கப்படவில்லை.

கூப்பன் எப்போது ஒழிந்தது?

போரோடு ஒழியவில்லை. மலிவு அரிசி கொடுப்பது அரசாங்கத்தின் கடமை என்று மக்கள் பழகிவிட்டார்கள். அதில் கைவைத்தவர்கள் சுட்டுக்கொண்டார்கள். 1953இல் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட, ஆகஸ்ட் 12 அன்று நாடே ஹர்த்தாலில் நின்றது. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலில் கூட வேண்டியதாயிற்று. இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1979இல் உணவு முத்திரை வந்த பிறகுதான் பழைய கூப்பன் முறை போனது.

இன்று என்ன மிஞ்சியிருக்கிறது, எங்கே பார்க்கலாம்?

திருகோணமலை நிலாவெளி வீதியிலும், கண்டியிலும், கொழும்பு லிவரமெந்துவிலும் போர்க்கால மயானங்கள் நன்றாகப் பராமரிக்கப்படுகின்றன. சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களில் 99 மிஞ்சியிருக்கின்றன. அவற்றைப் பற்றி இந்தியாவோடு 2022இல் புதிதாக ஒப்பந்தம் ஆனது. கட்டுநாயக்கவில் இறங்கும் ஒவ்வொருவரும் போர்க்கால விமானத் தளம் ஒன்றில்தான் இறங்குகிறார்கள். ‘ஹேர்மிஸ்’ கல்லடிக்கு நேரே ஏறத்தாழ 9 கிலோமீட்டர் வெளியே, 50 மீட்டருக்கும் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கான 40 மீட்டர் எல்லைக்கு அது கீழே. ஆழ்கடல் பயிற்சி இல்லாதவர்கள் பாசிக்குடாப் பக்கம் அதே நாளில் மூழ்கிய ‘பிரிட்டிஷ் சார்ஜண்ட்’ என்ற எண்ணெய்க் கப்பலைக் கேட்டுப் பாருங்கள், அது அவ்வளவு ஆழத்தில் இல்லை.